சாய்ந்த கூரைக்குக் கீழே உடுப்பு அலுமாரி: தடி பூட்டுவது எப்படி

ரொறன்ரோவில் ஈஸ்ட் யோர்க், ஸ்காபரோ பக்கம் போனால் ஒன்றரை மாடி வீடுகளை இன்னும் நிறையப் பார்க்கலாம். கீழே ஒரு முழுத் தளம், மேலே கூரைக்குள்ளேயே அடங்கிய சின்ன அறைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், கனடிய அரசு வோர்டைம் ஹவுசிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கும் பிறகு போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் இந்த மாதிரி வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டியது. விக்டரி வீடு என்று இன்றும் சொல்வார்கள். மேல் அறையில் நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். ஓரத்துக்குப் போகப் போகக் குனிய வேண்டும். அலுமாரி இருப்பது அந்த ஓரத்தில்தான்.

எங்கள் வீடும் அப்படியான ஒன்று. வந்த முதல் வருடம், சாய்ந்த கூரையின் ட்ரைவாலில் (சுவருக்கும் கூரைக்கும் உட்பக்கம் அடிக்கிற ஜிப்சம் பலகை) நான்கு பிளாஸ்டிக் பிளக்குகளை அடித்து, உடுப்புக் கொழுவுகிற தடியை அதில் தொங்கவிட்டேன். கோடை முழுவதும் நின்றது. நவம்பரில் குளிர் கோட்டுகள் ஏறின. இரண்டாவது கிழமை ஒரு இரவு எல்லாமே கீழே வந்துவிட்டது, ட்ரைவாலில் கையகலத் துண்டு ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு, தங்கை வீட்டில் ஒன்று என மூன்று அலுமாரிகளுக்குத் தடி பூட்டியிருக்கிறேன். மூன்றிலும் ஒரே முறையைத்தான் கைக்கொண்டேன்: கூரையில் பாரத்தைத் தொங்கவிடுவதில்லை. பாரம், அலுமாரியின் இரண்டு பக்கமும் நிறுத்துகிற பக்கப் பலகைகள் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன்.

கடைக்குப் போக முன்

முதலில் உடுப்பை அளவுங்கள். சுவரை அளப்பது பிறகு. உங்களிடம் இருக்கிற உடுப்புகளை ஹாங்கரில் போட்டு, கொக்கியின் மேல் நுனியிலிருந்து கீழ் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் சேர்ட் 40 அங்குலம் வந்தது. மடித்துப் போட்ட கால்சட்டையும் மடித்துப் போட்ட சேலையும் 30 அங்குலத்துக்குள் அடங்கின. முழங்கால் வரை வரும் குளிர் கோட் 50. பெண்பிள்ளைகளின் நீளமான பார்ட்டி உடுப்பு 60ஐத் தாண்டியது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும், ஆனால் குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று கும்பல்களாகப் பிரியும். எந்தக் கும்பல் பெரியது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் குட்டைதான் கூடுதலாக இருக்கும். அதனால் சாய்ந்த கூரை நாம் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை.

அடுத்தது கூரை. சாய்வு இறங்கி வந்து முடிகிற இடத்தில் ஒரு குட்டைச் சுவர் இருக்கும். அதன் உயரத்தை எழுதுங்கள். பிறகு அந்தச் சுவரிலிருந்து தரையில் 12 அங்குலம் முன்னே வந்து ஒரு கோடு போட்டு, அங்கிருந்து நேரே மேலே கூரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். குட்டைச் சுவர் 48 அங்குலம், 12 அங்குலம் முன்னே 60 அங்குலம் என்றால் உங்கள் கூரை 45 பாகைச் சாய்வு. ஒரு அங்குலம் முன்னே வந்தால் ஒரு அங்குலம் உயரம் கிடைக்கும். கணக்குப் போட இதைவிட இலகுவான கூரை கிடையாது. 12 அங்குலத்துக்கு 7 அங்குலம்தான் ஏறுகிறது என்றால் அது 30 பாகை. அப்படியான கூரையில் உயரம் மெதுவாகத்தான் கிடைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பழைய வீடுகளில் இடது மூலையும் வலது மூலையும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு பக்கமும் அளந்து, குறைந்ததைக் கணக்குக்கு எடுங்கள்.

ஹாங்கரின் தோள் எங்கே இடிக்கும்

புதிதாகச் செய்கிறவர்கள் அநேகமாகப் பிழை விடுவது இங்கேதான். தடிக்கு மேலே கூரை இரண்டு அங்குலம் தள்ளி நின்றால் போதும் என்று நினைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆனால் தடி குட்டைச் சுவருக்குச் சமாந்தரமாக ஓடும்போது ஹாங்கரின் ஒரு தோள் கூரை இறங்குகிற பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். சாதாரண ஹாங்கர் 17 அங்குல அகலம். பாதி என்றால் எட்டரை. 45 பாகைக் கூரை அந்த இடத்தில் எட்டரை அங்குலம் இறங்கியிருக்கும். ஹாங்கரின் தோளோ தடியிலிருந்து ஏழு, எட்டு அங்குலம்தான் கீழே இருக்கும். அதற்கு மேல் கோட்டின் தடிப்பு. கொக்கியைத் தூக்கி எடுக்கவும் ஒன்றரை அங்குலம் வேண்டும். எல்லாம் கூட்டினால் 45 பாகைக் கூரைக்குத் தடிக்கு மேலே நான்கு அங்குலம் விட வேண்டும். சாய்வு கடுமையாக இருந்தால் இன்னும் கூட.

கணக்கு வேண்டாம் என்றால் கையால் பாருங்கள். வீட்டிலேயே தடித்த கோட் எதுவோ அதை ஹாங்கரில் போட்டு, ஒரு தும்புத்தடிக் கம்பில் கொழுவி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அலுமாரிக்குள் நில்லுங்கள். மெல்ல மெல்ல உயர்த்துங்கள். தோள் கூரையில் முட்டும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம் இறக்கி, பென்சிலால் ஒரு அடையாளம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு துளையும் போடாதீர்கள்.

தடி எந்தப் பக்கமாக ஓட வேண்டும்

இரண்டு வழிகள் உண்டு. குட்டைச் சுவருக்குச் சமாந்தரமாகப் போடலாம், அல்லது குட்டைச் சுவரிலிருந்து உங்களை நோக்கி வரும்படி குறுக்காகப் போடலாம்.

சமாந்தரம்தான் வழக்கம். அலுமாரியின் ஆழம் 24 அங்குலம் என்றால், பின்சுவரிலிருந்து 12 அங்குலத்தில் தடி. 48 அங்குலக் குட்டைச் சுவரும் 45 பாகைச் சாய்வும் இருந்தால் தடி 56 அங்குல உயரத்தில் வரும். சேர்ட், சேலை, கால்சட்டை எல்லாம் வசதியாகத் தொங்கும். 50 அங்குலக் கோட்டும் அடங்கும். குட்டைச் சுவர் 36 அங்குலம் மட்டும் என்றால் தடி 44இல் நிற்கும், சேர்ட்டோடு சரி.

ஆழம் 36 அங்குலமாக இருந்தால் தடியைப் பின்சுவரோடு ஒட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 24 அங்குலம் முன்னே கொண்டுவாருங்கள். அதே 48 அங்குலச் சுவருக்கு அங்கே கூரை 72, தடி 68. பார்ட்டி உடுப்பே தரையைத் தொடாமல் தொங்கும். பின்னால் மிஞ்சும் ஒரு அடி இடத்தில் ஊருக்குப் போகிற சூட்கேசுகளை நிறுத்திவைக்கலாம். தங்கை வீட்டில் இப்படித்தான் செய்தோம். அவள் கட்டிலுக்கு அடியில் எதையும் தள்ளுவதில்லை இப்போது.

அலுமாரி ஒடுங்கி ஆழமாகப் போகிறது என்றால் தடியைக் குறுக்காகப் போடுவது நல்லது. அதில் ஹாங்கர்கள் குட்டைச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும், தோள் இடிக்கும் சிக்கல் குறைவு. ஆனால் ஒரே தடியை நீளத்துக்குப் போடாதீர்கள். தடி நேர்மட்டம், தரையும் நேர்மட்டம். கூரை உயர்கிறதே என்று உடுப்புக்கு இடம் கூடப்போவதில்லை. படி மாதிரி இரண்டாகப் போடுங்கள். உள்ளே 44 அங்குல உயரத்தில் குட்டைத் தடி ஒன்று. கூரை 70 அங்குலத்தை எட்டுகிற இடத்திலிருந்து முன்னே 66 அங்குல உயரத்தில் இன்னொன்று. நடுவில் ஒரு பலகையை நிறுத்தினால் அது இரண்டையும் தாங்கும்.

தடியையே சாய்வாகப் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பூட்டலாம். எல்லா உடுப்பும் வழுக்கிக் கீழ்முனையில் வந்து குவியும்.

சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது

சாய்ந்த கூரையில் துளை போடுவது சாதாரணச் சுவரில் போடுவது மாதிரி இல்லை. அரை அங்குல ட்ரைவாலுக்குப் பின்னால் பொலித்தீன் விரிப்பு ஒன்று இருக்கலாம். அதற்குப் பின்னால் குளிர்காப்புப் பஞ்சு, கூரையைத் தாங்குகிற சாய்ந்த கைமரங்கள், பிறகு கூரைப் பலகை. அந்தப் பொலித்தீன் வீட்டுக்குள் இருக்கிற ஈரக் காற்று கூரைக்குள் போகாமல் தடுக்கிறது. நாம் வீட்டில் சமைக்கிறோம், குளிக்கிறோம், உடுப்புக் காயப்போடுகிறோம். அந்த ஈரம் ஒரு துளை வழியாக உள்ளே போனால் ஜனவரிக் குளிரில் கூரைப் பலகையில் நீராகவும் பனியாகவும் படியும். வசந்தத்தில் அது உருகி ட்ரைவாலில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். ஆகவே சாய்வில் எவ்வளவு குறைவாகத் துளை போடுகிறோமோ அவ்வளவு நல்லது. போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்க்ரூவை முடுக்க முன் துளைக்குள் சீலன்ட் (இடைவெளியை அடைக்கிற பசை) வையுங்கள்.

இன்னொன்று, இதை மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டும். 1990க்கு முன் கட்டிய அல்லது திருத்திய சில கனடிய வீடுகளில் வெர்மிகுலைட் என்ற குளிர்காப்புப் பொருளைக் கொட்டியிருப்பார்கள். மினுங்கும் சாம்பல், பொன் நிறச் சிறு கற்கள் போல இருக்கும். அதில் ஆஸ்பெஸ்டஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) கலந்திருக்கலாம். அதைக் கிளறாமல் விடும்படிதான் கனடிய சுகாதாரத் துறையும் சொல்கிறது. துளையிலிருந்து அப்படி ஏதாவது உதிர்ந்தால் உடனே நிறுத்துங்கள், கூட்ட வேண்டாம், வீட்டு வாக்குவம் போட வேண்டாம். துளையை டேப்பால் மூடி, அறைக் கதவைச் சாத்தி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பரிசோதனை செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளின் சுண்ணச் சாந்திலும் ட்ரைவால் இணைப்புப் பூச்சிலும் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். உங்கள் வீடு எந்த வருடத்தது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் துளையே வேண்டாம், தரையில் நிற்கும் சட்டம் ஒன்று செய்யலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மின்வயரையும் மறக்காதீர்கள். குட்டைச் சுவரில் பிளக் இருந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள்.

சாமான்கள்

தடிக்கு 1 5/16 அங்குல மரத்தடி அல்லது அதே பருமனான இரும்புக் குழாய் போதும். இழுத்து நீட்டுகிற தடி மலிவுதான், ஆனால் நீட்டிய பிறகு மெல்லிய பகுதியில் வளையும். குளிர் கோட்டுக்கு நான் அதை வாங்க மாட்டேன். நான்கு அடிக்கு மேல் இடைவெளி என்றால் எந்தத் தடிக்கும் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும்.

பக்கப் பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட். ஹோம் டிப்போ, ரோனா மாதிரிக் கடைகளில் முழுப் பலகையாக வாங்கி அங்கேயே நேர்வெட்டு வெட்டித் தரச் சொல்லலாம். சாய்வு வெட்டை வீட்டில்தான் வெட்ட வேண்டும். தடியின் முனைகளைத் தாங்கக் கிண்ணம் மாதிரி இரண்டு சாக்கெட். ஒன்று முழுவட்டம், மற்றது மேலே திறந்தது. இரண்டும் முழுவட்டமாக இருந்தால் தடியை உள்ளே விட முடியாது. எட்டாம் அல்லது பத்தாம் இலக்க மர ஸ்க்ரூ, இரண்டரை அங்குலமும் ஒன்றேகாலும். கறுப்பு ட்ரைவால் ஸ்க்ரூவைப் பாரம் தாங்கப் பாவிக்காதீர்கள், அது சட்டென்று முறியும். மற்றபடி ட்ரில், நேர்மட்டம் பார்க்கிற நீர்மட்டக் கருவி, காந்தம், கண்ணைக் காக்கிற கண்ணாடி, தூசு முகமூடி.

வேலை

முதலில் ஒரு பெரிய காட்போட் பெட்டியைப் பிரித்துப் பக்கச் சுவரோடு நிறுத்தி, கூரைச் சாய்வை அதில் வரைந்து வெட்டுங்கள். அச்சு சரியாக உட்கார்ந்ததும் அதைப் பலகையில் வைத்துக் கோடு போடுங்கள். பலகையைக் கூரையோடு ஒட்ட வெட்ட வேண்டாம், ஒரு அங்குலம் குறைத்து வெட்டுங்கள். காற்றுப் போக இடம் கிடைக்கும், வெட்டில் சின்னக் கோணல் இருந்தாலும் தெரியாது. கீழே சுவரோரப் பட்டி இருந்தால் அந்த அளவுக்குப் பலகையில் ஒரு மூலையை எடுத்துவிடுங்கள். பலகை தரையில் முழுதாக நிற்க வேண்டும். கம்பளம் இருந்தாலும் பரவாயில்லை, முதல் மாதத்தில் கொஞ்சம் அமர்ந்துபோகும்.

அடுத்து பக்கச் சுவருக்குள் இருக்கிற மரச் சட்டங்களைத் தேட வேண்டும். ஸ்டட் என்பார்கள். 16 அங்குலத்துக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு, பழைய வீட்டில் அதை நம்பி இருக்கக் கூடாது. காந்தத்தைச் சுவரில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் ட்ரைவாலைப் பூட்டிய ஆணித் தலைகளில் ஒட்டும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு, மூன்று இடங்களில் ஒட்டினால் அந்தக் கோட்டில் சட்டம் இருக்கிறது.

பலகையை நிறுத்தி, அந்தச் சட்டங்களுக்குள் மேலும் கீழுமாக ஸ்க்ரூ போடுங்கள். முக்கால் அங்குலப் பலகை, அரை அங்குல ட்ரைவால் போக, இரண்டரை அங்குல ஸ்க்ரூ மரத்துக்குள் ஒன்றேகால் அங்குலம் போகும். பலகை சரியாமல் இருக்க அது தாராளம், ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது ஸ்க்ரூ இல்லை, தரை. சுண்ணச் சாந்துச் சுவர் தடிப்பு என்பதால் அங்கே மூன்று அங்குல ஸ்க்ரூ எடுங்கள். சின்ன ட்ரில் ஊசியால் முதலில் வழித்துளை போட்டால் பலகை வெடிக்காது.

இரண்டு பலகைகளும் நின்ற பிறகுதான் தடியின் உயரம். ஏற்கெனவே பென்சிலால் வைத்த அடையாளத்தை ஒரு பலகையில் குறித்து, நீர்மட்டம் வைத்து மற்றப் பலகைக்குக் கொண்டுபோங்கள். தரையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து குறிக்க வேண்டாம். பழைய வீட்டுத் தரை சரிந்திருக்கும், தடியும் அதோடு சரியும். பின்சுவரிலிருந்து தூரம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

சாக்கெட்டுகளை ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவால் பூட்டுங்கள். பலகை சுவரோடு ஒட்டி நிற்பதால் நுனி ட்ரைவாலுக்குள் போய் நிற்கும். நடுவில் தனியாக நிற்கிற பலகைக்கு முக்கால் அங்குலத்துக்கும் குட்டையான ஸ்க்ரூ வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் எட்டிப் பார்த்து உடுப்பைக் கிழிக்கும். தடியின் நீளத்தை இரண்டு சாக்கெட்டுகளின் உட்பக்கத்திலிருந்து அளந்து, எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறைத்து வெட்டுங்கள். முழுவட்டத்துக்குள் ஒரு முனையை நுழைத்து, மறு முனையைத் திறந்த சாக்கெட்டில் இறக்கினால் முடிந்தது.

அன்றைக்கே உடுப்பைக் கொழுவிவிடாதீர்கள். 20 இறாத்தல் அரிசிப் பை இரண்டைத் துணிப்பையில் போட்டு, தடியில் நடுவில் ஒன்று, முனைக்குக் கிட்ட ஒன்றாக ஒரு இரவு தொங்கவிடுங்கள். காலையில் தடி வளையாமல், சாக்கெட் அசையாமல் இருந்தால் நம்பலாம்.

பக்கச் சுவர் இல்லாத இடம்

அலுமாரியின் ஒரு பக்கம் திறந்திருந்தால் சிலருக்குத் தடியின் முனையைச் சாய்வில்தான் பூட்ட வேண்டி வரும். அப்போது கைமரத்தைத் தேடி, அதற்குள் மட்டும் ஸ்க்ரூ போடுங்கள். கைமரங்கள் குட்டைச் சுவரிலிருந்து முகட்டை நோக்கி ஓடும், ஆகவே காந்தத்தைக் குறுக்கே இழுத்துத் தேட வேண்டும். சாய்வின் கோணத்துக்கு ஒரு ஆப்புக்கட்டை வெட்டிக் கைமரத்தில் மூன்று அங்குல ஸ்க்ரூ இரண்டால் பூட்டினால் அதன் முகம் செங்குத்தாக நிற்கும், சாக்கெட்டை அதில் வைக்கலாம். சாய்வுக்கேற்பத் திருப்பக்கூடிய சாக்கெட்டுகளும் விற்கிறார்கள். இரும்புக் குழாயைக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறவர்கள் 45 பாகைக் கூரை என்றால் 45 பாகை வளைவு ஒன்றை இடையில் போட வேண்டும், அப்போதுதான் குழாய் நேரே கீழே இறங்கும்.

சுருளை அழுத்தி இரண்டு சுவருக்கிடையில் நிறுத்துகிற தடியை இங்கே முயல வேண்டாம். அதற்கு இரண்டு பக்கமும் நேர்ச்சுவர் வேண்டும். சாய்வில் வைத்தால் பாரம் ஏற ஏற வழுக்கும்.

குளிர் மூலை

எல்லாம் நன்றாகப் பூட்டிய பிறகும் எங்கள் வீட்டில் ஒரு பிழை நடந்தது. இரண்டாம் வருட மார்ச்சில் அம்மா மேலேயிருந்து கூப்பிட்டார். "தம்பி, இந்தக் கூறையைப் பாரடா, கரும்புள்ளி விழுந்து கிடக்கு." அவருடைய கலியாணச் சேலை. குட்டைச் சுவரோடு ஒட்டித் தொங்கியிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் வெறும் குளிர். அறையின் சூடான காற்று உடுப்புக் கும்பலைத் தாண்டி அங்கே போவதில்லை. சுவர் குளிர்ந்து, ஈரம் படிந்து, பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தக் கறை முழுதாகப் போகவில்லை.

ஆகவே உடுப்புக்கும் குட்டைச் சுவருக்கும், உடுப்புக்கும் சாய்வுக்கும் நடுவில் இரண்டு அங்குலமாவது விடுங்கள். தடியை 12 அங்குலத்துக்குப் பதில் 14இல் பூட்டினால் அது தானாகக் கிடைக்கும். கதவு போடுவதானால் சட்டம் சட்டமாக இடைவெளி உள்ள கதவு, அல்லது துணித் திரை. குளிர் மாதங்களில் கிழமைக்கு ஒருநாள் திறந்துவிடுங்கள். சரிகை கூடிய பட்டுச் சேலையைத் தடியில் மாதக்கணக்கில் தொங்கவிடவும் வேண்டாம். பாரத்தால் மடிப்பில் இழை விட்டுப்போகும். பருத்தித் துணியில் சுற்றி, வீட்டின் உட்சுவர்ப் பக்கத் தட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

வாடகை வீட்டில்

வீட்டுக்காரரிடம் கேட்காமல் சாய்வில் துளை போட வேண்டாம். துளையே இல்லாமலும் செய்யலாம். அதே இரண்டு பலகைகளையும் தரையில் நிறுத்தி, கீழே ஒரு தட்டு, பின்பக்கம் மேலே நாலு அங்குல அகலத்தில் ஒரு பட்டி என்று இரண்டு இடத்தில் இணைத்தால் தானாக நிற்கும் சட்டம் கிடைக்கும். கீழ்த் தட்டில் சப்பாத்துகளையோ புத்தகப் பெட்டியையோ வைத்தால் அடி கனமாகி ஆடாது. சின்னப் பிள்ளைகள் ஏறித் தொங்குகிற வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, குட்டைச் சுவரின் ஸ்டட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூவாவது போட்டுக் கட்டுங்கள். வீடு மாறும்போது ஸ்க்ரூக்களைக் கழற்றி, பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். புதிய வீட்டின் சாய்வு வேறாக இருந்தால் மேல் வெட்டை மட்டும் திருத்தினால் போதும்.

பூட்டிய முதல் வருடம் ஜனவரியில் ஒருமுறை ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பாருங்கள். ஹீற்றர் ஓடுகிற மாதங்களில் வீட்டுக் காற்று வறண்டு மரம் சுருங்கும், சாக்கெட் கொஞ்சம் தளரும். கையால் அரைச் சுற்று முடுக்கினால் போதும், ட்ரில் தேவையில்லை.